கூடுதலாக ஆறு ஊசிகள்

பிப்ரவரி 3, திங்கள்

மெடிக்கல் ரெப் ஒருவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஒரு மாதமாக மேசை டிராயரில் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். ஆய்வுப் பதிவேட்டில் எழுத முடியாததையெல்லாம் எங்காவது கொட்ட வேண்டுமல்லவா.

இருபத்து நான்கு பேரும் பெங்களூரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். பேர் என்று எழுதினால் என் கைடு சென்னியப்பன் சார் "விலங்குகள்னு எழுதும்மா" என்பார். வெள்ளைச் சுண்டெலிகள். பெட்டியைத் திறந்ததும் சின்னராசு ஒவ்வொன்றையும் வாலைப் பிடித்துத் தூக்கி எண்ணினார். "செரியா இருக்குதுங் மேடம். ஒண்ணுகோட சோர்வா இல்லீங்." சின்னராசு, நான் மருந்தியல் நடத்துகிற கல்லூரியின் அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறவர். முன்பு விசைத்தறி ஓட்டியவர். கூண்டுக்கு உமி மாற்றுவது முதல் போட்ட ஊசிகளை வெட்டி அழிப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு.

பெட்டி திறந்ததும் எனக்கு ஏழு தும்மல். கையெல்லாம் தடிப்பு. எலியை வைத்து டாக்டர் பட்டம் வாங்க வந்தவளுக்கு எலியே ஒத்துக்கொள்ளவில்லை! ஏழு வருஷமாக இதே கூத்து. அலர்ஜி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டேன்.

என் ஆய்வும் அந்த மாத்திரையைப் பற்றியதுதான். மூக்கு ஒழுகினால் நாமாகவே கடையில் வாங்கிப் போடுகிறோமே, அந்தப் பழைய வகை மாத்திரை, அது கண்ணைச் செருக வைக்கும். அதே ஆள் தூக்க மருந்தும் எடுப்பவராக இருந்தால்? இரண்டும் சேர்ந்து தூக்கத்தை எவ்வளவு நீட்டும்? சுண்டெலிக்கு முதலில் அலர்ஜி மருந்து ஊசி, அரைமணி கழித்துத் தூக்க மருந்து ஊசி. எத்தனை நிமிடம் தூங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கா ஏழு வருஷம் என்று என் வீட்டுக்காரர் தனபால் கேட்பார். அவர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். அவருக்கு எல்லாமே ஒரு ஷிப்டில் முடிந்துவிட வேண்டும்.

மார்ச் 14-க்குள் ஆய்வுச் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். இது மூன்றாவது எக்ஸ்டென்ஷன். நான்காவது கிடையாது. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்திருப்பது இந்த இருபத்து நான்கு மட்டும். நான் சொதப்பினால் இருபத்தைந்தாவது எலிக்கு ஜூன் மாதக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் என் பதிவு ரத்தாகிவிடும். ஏழு வருஷமும் தண்ணீரில் போய்விடும்.

பிப்ரவரி 5, புதன்

எலிகள் ஒரு வாரம் ஓய்வெடுக்கின்றன. பயணக் களைப்பு தீர வேண்டும், புது இடம் பழக வேண்டும் என்பது விதி. நமக்கு யார் ஒரு வாரம் கொடுக்கிறார்கள்?

மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் மார்ச் 14 என்ற தேதிதான் வந்து நிற்கிறது. என் பழைய மாணவன் ஜீவானந்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறான். தூக்க மாத்திரை ஒரு அட்டை கேட்டேன். "உங்களுக்கு எதுக்குங் மேடம் டாக்டர் சீட்டு? எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானுங்களே" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். பெருமையாகத்தான் இருந்தது.

அரை மாத்திரை மட்டும். மார்ச் 14 வரை மட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பால் பொங்கியது. பொங்கி, கருகி, பாத்திரமும் போயிற்று. தனபால் ஹாலிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"ஏப்புள்ள, பக்கத்துலயே நின்னுட்டுத் தீய உட்டிருக்கற?"

"யோசனைல இருந்தேங்க."

"யோசன பண்றவ கண்ண மூடீட்டா பண்ணுவ?"

கண்ணை மூடியிருந்தேனாம். ஆண்களுக்கு ஒரு பாத்திரம் கருகினால் போதும், பத்து நாளைக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும்.

பிப்ரவரி 10, திங்கள்

மகள் வர்ணிகாவுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து முதுகில் கிள்ளுகிறாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இதென்ன விளையாட்டு? காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் நான்கு கிள்ளு. பள்ளி வாசலில் இறக்கிவிட்டு நன்றாகத் திட்டினேன். ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பாவைப் போலவே அழுத்தம்.

பிப்ரவரி 12, புதன்

தொடங்கிவிட்டேன். சாமி, நல்லபடியாக முடித்துக் கொடு.

ஆறு ஆறாக நான்கு குழுக்கள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் சாயம் தொட்டு வைக்க வேண்டும்: ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில், இப்படி. அந்தச் சாயம் என் விரல் நகத்தில் ஏறினால் இறங்குவதில்லை. சாப்பிடும்போது தனபால் முகத்தைச் சுளிப்பார்.

இன்று முதல் குழு. இவற்றுக்கு அலர்ஜி மருந்து கிடையாது. வெறும் உப்புநீர், பிறகு தூக்க மருந்து. ஊசி ஏறி ஐந்து நிமிடத்தில் தள்ளாடி விழுகின்றன. உடனே மெல்ல மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். விழித்திருக்கிற எலி நொடியில் புரண்டு எழுந்துவிடும். புரளாமல் கிடந்தால் தூங்குகிறது என்று அர்த்தம். அவ்வப்போது தொட்டுப் பார்த்து, திருப்பிப் பார்த்து, தானாகப் புரண்டு நிற்கும்வரை நிமிடக் கணக்கு எழுத வேண்டும். சராசரி நாற்பத்தொரு நிமிடம். அழகான எண்.

தும்மல் தாங்கவில்லை. இரண்டு மாத்திரை. கையுறைக்குள்ளேயே தடித்துவிடுகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று இரண்டாவது குழு: அலர்ஜி மருந்து கொஞ்சம், பிறகு தூக்க மருந்து. நாற்பத்து மூன்று நிமிடம். நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம்! இன்று அலர்ஜி மருந்து மட்டும் கொடுத்த குழு. அவை தூங்கவே இல்லை, கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

சென்னியப்பன் சார் தாளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல சேதி இல்லை என்று துறைக்கே தெரியும்.

"கடைசிக் குழுவுலயும் இப்படியே வந்தா, எழுதறதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

நேற்று முதல் முழு மாத்திரை. அரை மாத்திரைக்குத் தூக்கம் மசிவதில்லை. ஜீவானந்தத்திடம் இன்னொரு அட்டை வாங்கினேன். அவசியமில்லைதான், கையிருப்புக்கு.

பிப்ரவரி 17, திங்கள்

பள்ளி வாசலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டேன். "அம்மா, ஸ்கூல் போயிருச்சு" என்று வர்ணிகா கத்திய பிறகுதான் திருப்பினேன். நாளைய குழுவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் என்ன அதிசயம்? எல்லோருக்கும் நடப்பதுதான்.

கிள்ளுவதை விடவில்லை. முதுகில் நீலமாகக் கன்றியிருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. சந்தோஷத்தில்தான்.

கடைசிக் குழு, முழு அளவு அலர்ஜி மருந்து. 9.35-க்குப் போட்டேன். ஆறும் அப்படியொரு சாது. கையில் எடுத்தபோது ஒன்றுகூடக் கடிக்க வரவில்லை, ஓடவும் இல்லை. பத்து மணி ஐந்துக்குத் தூக்க மருந்து. நாற்பது நிமிடம் ஆனது, ஐம்பது ஆனது, ஒரு மணி, ஒன்றரை மணி. ஒன்றும் புரளவில்லை! உடம்பு சில்லிட்டுவிடக்கூடாதே என்று சின்னராசு வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அடியில் வைத்தார். சராசரி நூற்றறுபது நிமிடம். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நான்கு எலிகளுக்கான சராசரி. தலையில் மஞ்சள் வைத்ததும் முதுகில் மஞ்சள் வைத்ததும் எழவே இல்லை. மூச்சு அடங்கிவிட்டது.

சார் இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. "வசுமதி, பெரிய விஷயம்மா இது" என்று இரண்டு தடவை சொன்னார். "அளவு ஏறினா திடீர்னு தாவுது பாரு. இத யாரும் இப்படிக் காட்டல." ஏழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நடுவில் பள்ளியிலிருந்து போன் வந்தது. வர்ணிகாவுக்குச் சாப்பாட்டு டப்பா வைக்கவில்லையாம். வைத்ததாகத்தான் ஞாபகம்.

பிப்ரவரி 20, வியாழன்

சின்னராசுவிடம் கத்திவிட்டேன். அவர் மேலும் தப்பிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மருத்துவக் கழிவு வண்டி வருவதால் வியாழக்கிழமைதோறும் அவர் ஊசிகளை வெட்டுவார். எலி ஒன்றுக்கு ஒரு புது ஊசி என்பது எங்கள் வழக்கம். அந்தந்த நாளின் ஊசியை அந்தந்த டப்பாவில் தேதி ஒட்டி வைத்திருப்பார். மதியம் வந்து கதவோரம் நின்றார்.

"மேடம்ங், செவ்வாக்கெழம டப்பால கணக்கு ஒதைக்குதுங்."

"என்ன கணக்கு?"

"ஆறு எலிக்கு ரெண்டு ஊசின்னா பன்னெண்டுதானுங்களே இருக்கோணும். பதினெட்டு இருக்குதுங்."

"ஊசி வளைஞ்சுது. மாத்தினேன்."

"வளைஞ்சத நானும் பாத்தனுங். பதினெட்டும் நேராத்தான் இருக்குதுங்."

"உங்க வேலை வெட்டறதா, வேவு பாக்கறதா?" என்று கேட்டேன். பக்கத்து ஆய்வகத்துக்கே கேட்டிருக்கும். அவர் "செரிங்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். டப்பாவை வெட்டாமல் அலமாரி மேலே வைத்திருக்கிறார்.

மருந்து கரைத்து வைத்த பாட்டில் குளிர்பெட்டியில் இருக்கிறது. எவ்வளவு மீதி என்று பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது அட்டை வாங்கினேன்.

பிப்ரவரி 22, சனி

கல்லூரி வாசலில் ப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பத்தடி அகலத்தில் என் முகம். "மருந்தியல் துறையில் புதிய சாதனை" என்று மேலே, தாளாளர் படம் என் படத்தைவிடப் பெரியதாகப் பக்கத்தில். ஆய்வுச் சுருக்கம் இன்னும் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை, அதற்குள் சாதனை! வேண்டாம் சார் என்று சொன்னேன். "அட்மிஷன் நேரம்மா, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் சென்னியப்பன் சார்.

தனபால் ஸ்கூட்டரை நிறுத்தி, ப்ளெக்ஸ் முன் செல்பி எடுத்துக்கொண்டார். வர்ணிகா சிரிக்கவே இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பதினெட்டு.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று காலை பாலத்தில் ஒரு லாரிக்காரன். ஹாரன் அடிக்காமல் வந்திருக்கிறான். நான் இடது பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கிளீனர் பையன் எட்டிப் பார்த்துக் கண்டபடி திட்டினான். என் வண்டி கைப்பிடிச் சுவரை உரசி நின்றுவிட்டது. என் முழங்கையில் சிராய்ப்பு. வர்ணிகாவுக்கு ஒன்றுமில்லை. கால் செருப்பு ஒன்று சுவர் இடுக்கு வழியாக ஆற்றில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

செருப்புதான்.

மறுபடி வண்டியில் ஏறச் சொன்னேன். ஏறமாட்டேன் என்று பாலத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒற்றைக் காலில் செருப்போடு. கெஞ்சினேன், மிரட்டினேன். கடைசியில் தனபாலுக்குப் போன் செய்தேன், அவர் வந்து கூட்டிக்கொண்டு போனார். நான் இதை ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். லாரிக்காரன் ஹாரன் அடித்தானா இல்லையா என்று யோசித்துப் பார்க்கிறேன். பாலத்தில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கிளீனரின் குரல். நடுவில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 26, புதன்

லீவு போட்டேன். தனபாலும் ஷிப்டுக்குப் போகவில்லை. வர்ணிகாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பாப்பா எதுக்கு உன்னயக் கிள்றான்னு தெரியுமா?"

"சேட்டை."

"நீ வண்டியில தூங்கறயாமா. கிள்ளுனா முழிச்சுக்கறயாமா. பாலம் வந்தா எண்ணிக்கிட்டே கிள்ளுவாளாம். நேத்து லாரியப் பாத்துப் பயந்து எண்ண மறந்துட்டாளாம். 'என்னாலதாம்ப்பா அம்மா சுவத்துல இடிச்சுட்டா'ங்கறா. ராத்திரியெல்லாம் அதேயே சொல்லிட்டுப் படுத்திருந்தா."

கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகில் கன்றிய இடத்தைத் தொட்டேன்.

மல்லாக்கப் போட்டு, தொட்டு, திருப்பி, தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று நான் எலிகளைப் பார்த்தேனே. என்னை என் எட்டு வயதுப் பெண் பதினைந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு நான் அவளை நடுத்தெருவில் திட்டினேன். என் வாயை எதைக் கொண்டு அடிப்பது?

தனபால் குளிக்கப் போனதும் பீரோவைத் திறந்து அட்டைகளை எடுத்துப் போட்டு எண்ணினேன். மூன்று அட்டை, முப்பது மாத்திரை. பிப்ரவரி 5 முதல் 12 வரை அரை அரையாக நான்கு. 13 முதல் நேற்று வரை ஒவ்வொன்றாகப் பதின்மூன்று. ஆகப் பதினேழு. மீதி பதின்மூன்று இருக்க வேண்டும்.

ஐந்து இருந்தது.

இரண்டு தடவை எண்ணினேன். மெத்தைக்கு அடியில் தேடினேன், கைப்பையைக் கொட்டிப் பார்த்தேன். எட்டு மாத்திரை எங்கும் இல்லை. போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போட்டிருக்கிறேன். அதோடு தினம் இரண்டு அலர்ஜி மாத்திரை. அதையும் எண்ணினேன், அதுவும் குறைந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் போடாதே என்று வருஷா வருஷம் இரண்டாமாண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுகிறவள் நான். ஏழு வருஷமாக அதைத்தானே ஆராய்கிறேன்! எங்களுக்குத் தெரியாததா என்கிற திமிர். வேறொன்றுமில்லை.

போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போட்டிருக்கிறேன் என்று மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பதினெட்டு ஊசி.

பிப்ரவரி 27, வியாழன்

தனபால் வர்ணிகாவைப் பள்ளியில் விட்டார். நான் பஸ்ஸில் போனேன். நேராக அனிமல் ஹவுஸ். சின்னராசு உமி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணா, போன வாரம் செவ்வாய்க்கிழமை நான் முதல் ஊசி போட்டது எத்தனை மணிக்கு?"

ஏழு வருஷத்தில் அவரை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை. அவர் கையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நான் ஒம்பதே காலுக்குத் தண்ணிப் பாட்டல் மாத்த வந்தனுங். அப்பவே போட்டு முடிச்சுப்போட்டீங்க. எலியெல்லாம் அசந்து மூலைல ஒண்டிக்கிட்டு இருந்துதுங். அப்பறம் உங்களுக்கு போன் வந்துச்சு, வெளிய போனீங்க. திரும்பி வந்து மறுக்காவும் ஊசி எடுத்தீங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

"அடுத்த மருந்துன்னு நெனச்சனுங். படிச்சவங்க பண்றதுல நான் என்னத்தச் சொல்றது? டப்பாவ எண்ணுனப்பறந்தான் திக்குனு ஆச்சு. வந்து சொன்னனுங்களே."

வந்து சொன்னார். நான்தான் வேவு பார்க்கிறாயா என்று கேட்டேன்.

குளிர்பெட்டியைத் திறந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன். ஆறு எலிக்கான அளவு கூடுதலாகக் குறைந்திருந்தது. நான்கு மடங்குத் தூக்கம், புதிய சாதனை, பத்தடி ப்ளெக்ஸ் எல்லாம் இதுதான். பள்ளியிலிருந்து போன் வந்தது 9.22-க்கு, செல்லில் இருக்கிறது. அதற்கு முன்னால் நான் அங்கே நின்றதோ ஊசி பிடித்ததோ துளிகூட ஞாபகமில்லை. இரண்டு உயிர் போனது என் மறதியில்.

சின்னராசுவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங் மேடம்" என்றார். பிறகு, "உங்க மூஞ்சியப் பாத்தா பத்து நாளா நீங்களும் ஊசி போட்ட எலியாட்டத்தான் இருக்கறீங்" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

சாரிடம் சொன்னேன். பதினெட்டு ஊசி, பாட்டில், நேரம், மாத்திரை அட்டை, எல்லாவற்றையும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத் தெரியுது சார்."

"பாரும்மா, ரெட்டை அளவு கொடுத்ததா எழுதிட்டாப் போச்சு. டோஸ் மாத்தினோம்னு ஒரு வரி."

"கமிட்டிகிட்ட வாங்கின அனுமதி அந்த அளவுக்கு இல்லைங்க சார். அதோட எந்த எலிக்கு எவ்வளவு ஏறுச்சுன்னு எனக்கே தெரியாது. பாதித் தூக்கத்துல போட்ட ஊசி."

"பதினாலாம் தேதி என்ன பண்ணுவ? ஏழு வருஷம்மா."

இதைக் கேட்டபோது எனக்குச் சட்டென்று ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஒரு வரிதான். யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எவனாவது எந்த அளவு ஆபத்து, எந்த அளவு ஆபத்தில்லை என்று முடிவு செய்வானே. என்னைப் போல ஒருத்தி வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறுவாளே.

அவர் எதிரிலேயே பதிவேட்டைத் திறந்து கடைசிக் குழுவின் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டேன். "முதல் மருந்து இருமுறை செலுத்தப்பட்டது. செலுத்தியவர் தூக்க மருந்தின் பிடியில் இருந்தார். முடிவுகள் செல்லாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நேராக விழுந்தது. சார் எழுந்து வெளியே போய்விட்டார்.

மார்ச் 3, திங்கள்

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்தேன். தனபாலும் வந்தார். டாக்டர் சின்னப் பெண். நான் மருந்தியல் ஆசிரியை என்றதும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். கூச்சத்தில் கூனிப்போனேன். பட்டென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். தெரிந்ததுதான். மாத்திரையைத் தனபால் வைத்துக்கொண்டு கையில் கொடுப்பார். அலர்ஜிக்குத் தூக்கம் வராத வகை மாத்திரை. எலிகளிடம் இனிப் போகவே கூடாதாம். போகப் போக மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடுமாம். ஸ்கூட்டர் சாவியும் தனபாலிடம்.

ஜீவானந்தம் கடைக்கும் போனேன். இனி நான் கேட்டாலும் சீட்டு இல்லாமல் கொடுக்காதே என்றேன். அவன் முகம் தொங்கிவிட்டது. அவனையும் இதில் இழுத்துவிட்டவள் நான்தான்.

மார்ச் 8, சனி

தூக்கமில்லை. தலை பாரம், படபடப்பு, எரிச்சல். தோசை வட்டமாக வரவில்லை என்பதற்காக அழுதேன்.

நாங்கள் இப்போது பஸ். பள்ளி நிறுத்தத்தில் அவளை இறக்கி வாசல் வரை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் நான் கல்லூரிக்கு. பஸ்ஸில்கூடக் கிள்ளுகிறாள். "நான் ஓட்டலையே கண்ணு" என்றேன். "செரி" என்றாள். பாலம் வந்ததும் கிள்ளினாள்.

நான் திட்டுவதில்லை. "முழிச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

ஐந்து மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தை மூடியிருப்பார்கள்.

மார்ச் 17, திங்கள்

ப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். எங்கே போயிற்று என்று யாரையும் கேட்க வெட்கமாக இருந்தது. மதியம் அனிமல் ஹவுஸ் பக்கம் போனபோது தெரிந்தது. உள்ளே போகவில்லை, ஜன்னலோடு சரி. வெளியே அடுக்கிய உமி மூட்டைகள் மேல் அதை மழைக்குப் போர்த்தியிருக்கிறார் சின்னராசு. என் முகம் தலைகீழாக, மூக்கின் மேல் ஒரு கயிறு. "நல்ல கெட்டித் துணிங் மேடம், அஞ்சு வருசத்துக்குத் தாங்கும்" என்றார் உள்ளிருந்து. ஏழு வருஷ ஆராய்ச்சி அவருடைய உமியையாவது நனையாமல் காக்கிறது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன்.

சென்னியப்பன் சார் இன்று என்னோடு பேசினார். ஜூனில் புதிதாகப் பதிவு செய்து, எலி இல்லாமல் ஏதாவது செய்யலாமா என்று கேட்டார். யோசிக்கிறேன் என்றேன். அவரும் பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். எப்போது போட்டார் என்று தெரியாது.

மார்ச் 20, வியாழன்

இன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வர்ணிகா என் பக்கத்தில். கை என் முதுகுக்குப் பின்னால் தயாராக இருந்தது. பாலம் வந்தது. நான் கிள்ளுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பாலம் பாதி தாண்டியும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

தூங்கிவிட்டாள். தலை என் தோளில், வாய் கொஞ்சம் திறந்து. கை மட்டும் என் புடவையைப் பிடித்தபடி இருந்தது. ஒன்றரை மாதமாகப் பாலத்தில் கண்ணை மூடாத குழந்தை.

பள்ளி நிறுத்தம் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "எறங்கலீங்களா?" என்று கேட்டார். இல்லையென்று தலையை ஆட்டினேன். பஸ் நகர்ந்தது. கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே பஸ் நின்ற பத்து நிமிடமும் அதே பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்து, திரும்பி வந்தோம். ஒரு நொடிகூட நான் கண்ணை மூடவில்லை. பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடையில் தானாகவே எழுந்தாள். எழுந்ததும் பதறிப்போய் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"முழிச்சிருக்கேன் கண்ணு" என்றேன்.

முக்கால் மணி நேரம் லேட். வாசலில் அவளுடைய பள்ளி டைரியில் தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொன்னார்கள். பழக்க தோஷத்தில் "பஸ் தாமதம்" என்று எழுதினேன். அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: "குழந்தை தூங்கிவிட்டாள். நான் எழுப்பவில்லை." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.